உப்புத்துறைப் பிரபுவுக்குக் கோபம் வந்தால்

வில்லனுக்குக் கோபம் வந்தால் அடுத்து என்ன செய்வான் என்று யோசிப்பதற்கு எனக்குக் கூலி தருகிறார்கள். டொராண்டோவில் ஒரு போர்டு கேம் கடை. முன்பக்கம் கூரை வரை விளையாட்டுப் பெட்டிகள், பின்பக்கம் நீள மேசைகள். செவ்வாய், வியாழன் மாலைகளில் அங்கே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பேசிப் பேசியே கதையாக ஆடும் விளையாட்டை நடத்துகிறேன். நாற்காலிக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஐந்தாறு பேர் வந்து உட்காருவார்கள். திருடன், பாதிரி, பாடகன், வாள்வீரன் என்று ஆளுக்கொரு பாத்திரம் அவர்களுடையது. மிச்ச உலகம் மொத்தமும் என் பொறுப்பு: மழை, சத்திரக்காரர், கழுதை, டிராகன், அப்புறம் வில்லன்.

ஊரில் இருப்பவர்களிடம் சொன்னால், "கதை சொல்ற வேலையா?" என்பார்கள். பாதிதான் சரி. அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு வில்லன் என்ன செய்வான் என்று அவர்களுக்குத் தெரியாது. நடுவில் பகடை இருக்கிறது.

வருகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்தது, எப்போது வெடிப்பான் என்று தெரியாத வில்லன். புதிதாக கேம் மாஸ்டர், அதாவது என்னைப்போல் விளையாட்டை நடத்துகிறவர், ஆகிறவர்களுக்கும் அவன்தான் பிடிக்கும், சுலபமாகத் தெரிகிறான் என்பதால். ஒரு காட்சியில் சிரித்துக்கொண்டே வேலைக்காரனைக் கொல்வான், அடுத்த காட்சியில் பூனையைக் கொஞ்சுவான். முதல் வாரம் மேசையே மிரண்டு போகும். மூன்றாவது வாரம் பாருங்கள், அவனிடம் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவன் வாசலில் தலையைக் காட்டியதும் வாளை உருவிவிடுவார்கள். அதில் தப்பும் இல்லை. என்ன பேசினாலும் நடப்பது நடக்கும் என்றால் எதற்காகப் பேச வேண்டும்?

நிஜத்தில் முன்கோபிகள் அப்படி இருப்பதில்லை. இதற்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு மேலாளர் இருந்தார். அவரை முன்கோபி என்று சொல்வது மரியாதைக்காக. லிஃப்டிலிருந்து வரும்போது ஹெட்செட் காதில் இருந்தால் லீவு கேட்கலாம், கையில் சுருட்டிப் பிடித்திருந்தால் கேட்கக்கூடாது. மதியச் சாப்பாடு முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் நல்ல நேரம். அவர் சொன்ன கணக்கு தப்பென்றால் அவரிடம் சொல்லக்கூடாது, எக்ஸெல்லில் நிறம் மாற்றி வைத்துவிட்டு அவராகவே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு பாஸ்வேர்டு தருவதற்கு முன்னால் இதையெல்லாம் சொல்லித்தருவோம். பக்கத்து டீமின் சாதுவான மேலாளருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கோபக்காரரை மட்டும் மனப்பாடமாகத் தெரியும்.

மேசையில் நான் கொண்டுவரப் பார்ப்பது இந்த மனப்பாடத்தைத்தான். வில்லனின் கோபம் விளையாடுகிறவர்களுக்கு முதலில் புரியாமல் இருக்கலாம், ஆனால் படிக்கப் படிக்கப் புரிய வேண்டும். எப்போதும் புரியாமலேயே இருந்தால் அவன் வில்லன் இல்லை, வெறும் வானிலை.

தற்போது நடத்தும் கதையில் வில்லன் உப்புத்துறைப் பிரபு. ஒரு துறைமுகக் கோட்டைக்கு அதிபதி. அந்தக் கரையில் உப்பு விற்பதென்றால் அவனுக்கு வரி கட்டித்தான் விற்க வேண்டும். தம்பி கடலில் போனவன், உடல் கிடைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் தம்பியின் நாற்காலி இன்னமும் இருக்கிறது. பிரபுவைப் பற்றி என்னிடம் இருப்பது உள்ளங்கை அளவு அட்டை ஒன்றுதான். என்ன வேண்டும், எது பொறுக்காது, கோபம் எப்படி ஏறும், ஏறினால் யார் தலையில் இறங்கும். பூர்வீகம், பரம்பரை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள். விளையாட்டின் நடுவில் அதைப் புரட்ட நேரம் ஏது?

பிரபுவுக்குப் பொறுக்காதவை இரண்டு. பேசும்போது குறுக்கே பேசுவது, அவனைப் பார்த்துப் பரிதாபப்படுவது. கோபம் ஏற ஆரம்பித்தால் முதலில் உபசாரம் கூடும். தானே எழுந்து விருந்தாளிக்கு ஒயின் ஊற்றுவான். அதற்கடுத்து மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைப்பான். அந்த இடத்தில் நான் என் விரலில் இருக்கும் மோதிரத்தையே கழற்றி, பகடைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். எதிரில் சிப்ஸ் கொறித்துக்கொண்டிருக்கும் கை நின்றுவிடும்.

எங்கள் செய்யாறு பக்கம் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. கூத்துக்குப் பேர்போன புரிசை கொஞ்ச தூரம்தான். துரியோதனன் சபைக்கு வருமுன் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து சலங்கையும் குரலும் கேட்கும். ஆளை உடனே காட்டிவிட மாட்டார்கள். மேசையில் வைக்கும் மோதிரம் எனக்கு அந்தத் திரை.

சரி, பகடைக்கு வருகிறேன். வில்லன் என்ன செய்வான் என்பதை முழுக்க நானே முடிவு செய்வதில்லை. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோதே, எதிரில் வருகிறவரின் மனநிலையை இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிப் பார்க்கும் வழி அதில் இருந்தது. 1981-இல் டாம் மால்ட்வே தொகுத்த பேசிக் பதிப்பில் அதன் பட்டியல் அழகாக இருக்கும். கூட்டுத்தொகை 2 என்றால் உடனே பாய்வான். 3 முதல் 5 வரை பாயக்கூடும். 6 முதல் 8 வரை இன்னும் தீர்மானமில்லை. 9 முதல் 11 வரை பாய மாட்டான், போய்விடுவான் அல்லது பேரம் கேட்பான். 12 என்றால் கட்டிப்பிடிக்காத குறையாக நட்பு.

இருபதுமுகப் பகடையை உருட்டாமல் இரண்டு ஆறுமுகப் பகடைகளை ஏன் உருட்ட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். இருபதுமுகப் பகடையில் எந்த எண்ணுக்கும் 5 சதவீத வாய்ப்பு. பூனையைக் கொஞ்சுவதும் தலையைச் சீவுவதும் ஒரே எடை, அதாவது பைத்தியக்காரன். இரண்டு ஆறுமுகத்தில் மொத்தம் 36 சேர்க்கைகள். நடுவில் இருக்கும் 6, 7, 8 மட்டும் 16 சேர்க்கைகளை எடுத்துக்கொள்கின்றன. ஓரத்தில் இருக்கும் 2-க்கும் 12-க்கும் ஆளுக்கு ஒன்றுதான். பெரும்பாலும் முறைப்பான், யோசிப்பான், எப்போதாவது வெடிப்பான். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். இதோடு அட்டையில் உள்ளதைச் சேர்ப்பேன். பரிதாபப்பட்டால் 2 குறையும், குறுக்கே பேசினாலும் 2 குறையும், அவனோடு சூதாடித் தோற்றுச் சிரித்தால் 1 கூடும்.

பகடையை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மேசை நடுவில் உருட்டுவேன். அதற்குக் காரணம் விளையாட்டு விதி இல்லை. பனி கொட்டுகிற நாளில் பஸ் தாமதமாகி, வீட்டுக்காரரிடம் ஹீட்டருக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்து உட்காருவேன். எதிரே ஒருவர் நான் பேசும்போதெல்லாம் ஃபோனைத் தடவிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் என் கையில் ஒரு முன்கோபி இருக்கிறான், அவன் யார்மேல் வேண்டுமானாலும் பாயலாம், கேட்பாரில்லை. ஃபோன் தடவுகிறவரின் பாத்திரத்தின்மேல் அவனை ஏவிவிட எவ்வளவு நேரம் ஆகும்? பகடை 9 காட்டினால் பிரபு அன்றைக்குப் பேரம்தான் பேசியாக வேண்டும், என் மூடு எப்படி இருந்தாலும். ஃபோன் விஷயத்தை இடைவேளையில் அவரிடம் நேராகச் சொல்லிக்கொள்ளலாம். இதே கணக்கில், பீட்சாவில் என்ன போடலாம் என்று கேட்டு ஒருவர் என் பேச்சில் குறுக்கிட்டால் அது பிரபுவின் காதில் விழாது. எனக்கு எரிச்சல் வரலாம், அவனுக்கு வரக்கூடாது.

செவ்வாய்க்கிழமை மேசையில் நடந்த விருந்துக் காட்சியைச் சொன்னால் இதெல்லாம் விளங்கும். உப்பு வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எல்லோரும் கோட்டைக்குப் போயிருந்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதிரியாக விளையாடுகிறவர் நிஜத்தில் ஒரு நர்ஸ், இரக்கம் அவருக்குத் தொழில். வெற்று நாற்காலியைப் பார்த்துவிட்டு, "உங்கள் தம்பியை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, பாவம் நீங்கள்" என்றார். உருட்டினேன். மூன்றும் மூன்றும் ஆறு. பரிதாபத்துக்கு இரண்டு போக நாலு.

நாலு என்றால் பாயக்கூடும். யார்மேல் என்பதை அட்டை சொல்கிறது: கோபம் எப்போதும் தனக்குக் கீழே இருப்பவன்மேல் இறங்கும். பிரபு எழுந்து போய்ப் பாதிரியின் கோப்பையில் ஒயின் ஊற்றினான். கோப்பை நிரம்பியும் நிறுத்தவில்லை. மேசை விரிப்பு நனைந்து, ஒயின் பாதிரியின் மடியில் சொட்டத் தொடங்கியது. ஊற்றிக்கொண்டே, கதவருகில் நின்ற காவல் தலைவனைப் பார்த்து, "விருந்தாளிகளின் செருப்பில் சேறு இருக்கிறது. பார்த்து உள்ளே விட்டிருக்க வேண்டாமா? இன்று இரவு காவலர் கொட்டடிக்கு விறகு கிடையாது" என்றான். கதையிலும் அப்போது மார்கழிக் குளிர்தான். நர்ஸ் என்னைப் பார்த்து, "நான் சொன்னதுக்கு அவங்களுக்கா?" என்று கேட்டார். நான் மோதிரத்தை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து திருடனாக விளையாடும் கல்லூரி மாணவர் நோட்டில் பின்பக்கமாக எழுத ஆரம்பித்தார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தவரை: தம்பி பேச்சு வேண்டாம். ஊற்ற எழுந்தால் வாயை மூடு. மோதிரம் போட்டபின் கேள். எங்கள் பழைய அலுவலகத்தில் ஒருவரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கத்துவதை நான் அநேகமாகச் செய்வதில்லை. பக்கத்து மேசையில் சின்னப் பையன்கள் போகிமான் சீட்டு வைத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்பது ஒரு பக்கம். குரலைத் தாழ்த்தினால் எதிரில் இருப்பவர்கள் தானாக முன்னால் சாய்வார்கள் என்பது இன்னொரு பக்கம். அது போக, கோபத்தோடு உரக்கப் பேசும் குரல் சிலருக்கு விளையாட்டே இல்லை. எங்கள் மேசை நடுவில் எக்ஸ் போட்ட சீட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் உருவாக்கியது, இப்போது பல மேசைகளில் உண்டு. யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே முடியும், காரணம் கேட்கக்கூடாது. ஒருமுறை பிரபு ஒரு சமையற்காரச் சிறுவனை அதட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கை மெதுவாக நீண்டு சீட்டைத் தொட்டது. "விடிந்துவிட்டது, எல்லோரும் துறைமுகத்தில் இருக்கிறீர்கள், மீன் வாடை" என்று தொடர்ந்தேன். வசனம் பாதியில் போனதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

செவ்வாய் மேசை பிரபுவை என்ன செய்தது தெரியுமா? நோட்டில் இருந்ததையெல்லாம் திருப்பிப் போட்டார்கள். அறுவடைத் திருநாளில், ஊரும் காவல் தலைவர்களும் கூடியிருக்கும்போது, பாடகன் எழுந்து தம்பிக்கு ஒப்பாரி பாடினான். வேண்டுமென்றே, கூட்டத்தின் நடுவில், பரிதாபம் சொட்டச் சொட்ட. பகடை 2 காட்டியது. கழிப்பதற்குக்கூட அதில் இடமில்லை. பிரபு பாடகனைத் தொடவில்லை; இரண்டு காவல் தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினான், அவர்களில் ஒருவன் விறகு கிடைக்காதவன். அன்று இரவு வடக்கு வாசலில் தாழ்ப்பாள் போடப்படவில்லை. கோட்டைக்குள் நுழைவதற்கு நான் வரைந்து வைத்திருந்த சுரங்கப்பாதை அப்படியே பையில் கிடக்கிறது. வேறு ஏதாவது கோட்டைக்கு ஆகும்.

அப்படி நடக்கும்போது விட்டுக்கொடுக்காத கேம் மாஸ்டர்கள் உண்டு. "பிரபுவுக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது, சிரித்துவிட்டு நகர்ந்தான்" என்று கதையைத் தன் தடத்துக்கே இழுத்துவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. முன்கோபி தன் கோபத்துக்கு விலை கொடுக்காவிட்டால் அந்தக் கோபத்துக்கு என்ன அர்த்தம்?

வியாழக்கிழமை மேசையிலும் இதே பிரபுதான், இதே அட்டைதான். ஆனால் ஆள் வேறு ஆகிவிட்டான். ஒரே வில்லன் மேசைக்கு மேசை மாறுவது பழைய வித்தைதான். டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதி 1983-இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' சாகசத்தில், ரத்தக்காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட் எங்கே இருப்பான், அவனுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். ஒரு குழுவுக்கு வாய்த்த ஸ்ட்ராட் இன்னொரு குழுவுக்கு வாய்ப்பதில்லை.

வியாழன்காரர்கள் விருந்தில் தம்பி பேச்சே எடுக்கவில்லை. வாள்வீரனாக விளையாடும் பெரியவர் பிரபுவோடு சூதாட உட்கார்ந்தார். கையில் இருந்த காசெல்லாம் போயிற்று, குதிரையும் போயிற்று. கடகடவென்று சிரித்துவிட்டு, "இனி நடந்து போறதுதான் உடம்புக்கு நல்லது" என்றார். உருட்டினேன். ஆறும் ஐந்தும் பதினொன்று, சிரித்ததற்கு ஒன்று. பன்னிரண்டு. மேசையில் கைதட்டல்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன். முன்கோபியின் கோபத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், பிரியத்தை எப்படிச் சமாளிப்பது? பிரபு அவர் தோளில் கைபோட்டுக் கூட்டிப் போய், துறையில் துணி போர்த்தி வைத்திருந்த ஒரு படகைக் காட்டினான். தம்பியினுடையது. அவன் போன நாளிலிருந்து யாரும் தொடாதது. "உனக்குத்தான். நாளைக் காலையில் நாம் இரண்டு பேரும் கடலுக்குப் போவோம்" என்றான்.

கடை மூடும் நேரம் தாண்டியும் வாதம் முடியவில்லை. மறுத்தால் என்ன ஆகும், ஏறினால் என்ன ஆகும், படகில் ஓட்டை போட்டுவிட்டு ஏறலாமா, உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா, சொன்னால் பரிதாபம் எந்தப் பக்கத்துக் கணக்கில் வரும்? கடைக்காரர் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். பெரியவர் மட்டும் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு, "படகு நல்ல படகாத்தான் தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வியாழன் காலை வெளுத்ததும் கேட்பேன், ஏறுகிறாரா இல்லையா என்று.