டைகோக்குத் தீவும் வானுக்குள் பேசிய அக்காவும்

மாமாவிடம் ஒரு ரொயோட்டா ஹைஏஸ் வான் இருந்தது. சண்டை முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு, யாழ்ப்பாணம் - கொழும்பு ஓட்டத்துக்காக ரீகண்டிஷனில் வாங்கியது. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டுக்குள் இருந்து ஒரு பெண்குரல் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். சிறுவர்களான எங்களுக்கு அவள் 'ஜப்பான் அக்கா'. பயணம் சுகமாக அமையட்டும் என்று வாழ்த்துகிறாள் என்பது மாமாவின் மொழிபெயர்ப்பு. "சரி பிள்ளை, போயிட்டு வாறம்" என்று ஒவ்வொரு விடியலும் பதில் சொல்லிவிட்டுத்தான் கியர் போடுவார். அந்த வானின் ரேடியோவில் 90க்கு மேல் ஒரு நிலையமும் எடுபடாது. அந்தக் காலத்து ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிட்டது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

போன ஒக்டோபரில் யோகோஹாமாவில் மச்சானின் காரில் ஏறி உட்கார்ந்ததும் அதே குரல் கேட்டது. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

"என்னடா சொல்லுறாள்?"

"ஈடிசி கார்ட் போடேல்லையாம்."

நெடுஞ்சாலைக் கட்டணம் கழிக்கிற அட்டை. அதைக் கருவிக்குள் செருகினால்தான் சுங்கச் சாவடியின் தடுப்பு தானாக உயரும். வாழ்த்துமில்லை, வரவேற்புமில்லை. மச்சான் அட்டையைச் செருகினான், அக்கா அடங்கினாள்.

நாங்கள் போனது டைகோக்கு பார்க்கிங் ஏரியாவுக்கு. யோகோஹாமாத் துறைமுகத்தில் கடலை நிரப்பி உண்டாக்கிய தீவு அது. தலைக்கு மேலே நெடுஞ்சாலைகள் பாம்புபோலச் சுருண்டு கிடக்கின்றன. நடுவில் ஒரு வாகனத் தரிப்பிடம், கழிப்பறை, ராமென் கடை, கோப்பி இயந்திரங்கள். அவ்வளவுதான். நெடுஞ்சாலை வழியாக அன்றி உள்ளே போக வழியில்லை. ஆனாலும் கார்ப்பித்துப் பிடித்த உலகத்துக்கு இது ஒரு நல்லூர். சனி இரவு போனோம். பொலிஸ் ஒலிபெருக்கியில் எல்லோரையும் கலைத்துக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்பவும் போனோம். இரவில் வருபவர்கள் காட்ட வருகிறார்கள், காலையில் வருபவர்கள் கதைக்க வருகிறார்கள் என்று மச்சான் சொன்னது சரிதான்.

வெள்ளி நிறத்தில் ஒரு பழைய ஸ்கைலைன் நின்றது. பெட்டிபோல் இருப்பதால் 'ஹாகோசுகா' என்று செல்லப்பெயர். 'ஹாகோ' என்றால் பெட்டி. அதன் கதை விமானத்தில் தொடங்குகிறது. போர் தோற்ற ஜப்பான் விமானம் செய்யக்கூடாதென்று அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடைபோட, தச்சிகாவா, நகஜிமா விமான ஆலைகளின் பொறியாளர்கள் கார்ப் பக்கம் வந்தார்கள். அவர்களில் இருந்து எழுந்ததுதான் பிரின்ஸ் நிறுவனம். 1964இல் சுசுகாவில் நடந்த பந்தயத்துக்காக, ஸ்கைலைனின் மூக்கை 200 மில்லிமீற்றர் நீட்டி, அதற்குள் பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தார்கள். ஒரே ஒரு சுற்றில் மட்டும் அது போர்ஷே 904 பந்தயக் காருக்கு முன்னால் ஓடியது. கடைசியில் போர்ஷேதான் வென்றது. அந்த ஒரு சுற்றைத்தான் ஜப்பானியர் இன்னும் பேசுகிறார்கள். தோற்ற பந்தயத்தைக் கொண்டாடத் தனி மனது வேண்டும். 1966இல் பிரின்ஸ் நிசானோடு இணைந்தது. 1969இல் ஸ்கைலைனின் வேக வகையான முதல் ஜிடி-ஆர் வந்தது.

இரண்டு இடம் தள்ளி ஆர்32. 1989இல் வந்த ஜிடி-ஆர். பொனெற்றைத் திறந்துவைத்திருந்தார் அதன் சொந்தக்காரர். நரைத்த தலை, கையில் டின் கோப்பி. எஞ்சினின் கொள்ளளவு 2,568 சிசி. ஏன் இந்த அரைகுறைக் கணக்கு என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். அன்றைய பந்தய விதியில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்குவார்கள். பெருக்கினால் 4,366, 4,500 பிரிவுக்குள் கச்சிதமாக அடங்குகிறது. பந்தயத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் தள்ளும். அவை வழுக்கத் தொடங்கினால் கணினி முன்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்துவிடும். 1990 முதல் 1993 வரை ஜப்பானின் டூரிங் கார் (சாலைக் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும்) பந்தயத் தொடரில் 29 போட்டிகள், 29 வெற்றி. ஆஸ்திரேலியர்கள் 'கொட்ஸில்லா' என்று பெயர் வைத்தார்கள்.

விற்பனை ஏட்டில் இதன் சக்தி 280 குதிரைதான். அக்காலத்தில் அங்கே சாலை மரணங்கள் ஆண்டுக்கு 10,000ஐத் தாண்டியதால், 280க்கு மேல் போவதில்லை என்று தயாரிப்பாளர்கள் தமக்குள் ஒப்புக்கொண்டார்கள். 2004 வரை அந்த வழக்கம் நின்றது. எல்லோருடைய ஏட்டிலும் ஒரே எண். உள்ளே பூட்டிவைத்த பலத்தைத் திறப்பதுதான் ரசிகர்களின் விளையாட்டானது. பெரியவரிடம் உண்மையான எண்ணைக் கேட்கச் சொன்னேன். மச்சான் கேட்டான். அவர் சிரித்துவிட்டு பொனெற்றை மூடினார்.

ஒரு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 உறுமாமல் ரீங்காரமிட்டபடி உள்ளே வந்தது. பிஸ்டன் இல்லாத ரோட்டரி எஞ்சின். அதை எழுதத் தொடங்கினால் இன்னொரு பதிவாகிவிடும்.

திரும்பும் வழியில் மேம்பாலத்திலிருந்து கீழே காட்டினான் மச்சான். அதே தீவின் கப்பல்துறை. கப்பலுக்குக் காத்து வரிசை வரிசையாகக் கார்கள். அவன் வேலை செய்வது பழைய கார் ஏற்றுமதி யார்டில். இங்கே கார் வாங்கி மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் 'ஷாக்கென்' என்ற சோதனைக்குப் போகவேண்டும், காசும் கட்டவேண்டும். 13 ஆண்டு கடந்த பெற்றோல் காருக்கு வரியும் ஏறும். அதனால் நன்றாக ஓடும் வண்டியே ஏலத்துக்கு வந்துவிடுகிறது. ஏலத் தாளில் காரின் படம் வரைந்து, கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ என்று குறித்திருப்பார்கள். "எங்கட ஆக்கள் வாகனத்தை விட அந்தத் தாளைத்தான் கூடப் பாப்பினம்" என்றான்.

இந்த ஜப்பான் கார்களை இறக்குமதி செய்ய அமெரிக்கர்கள் 25 ஆண்டு பொறுக்கவேண்டும். அதைக் கடந்த வண்டிக்கு அவர்களுடைய பாதுகாப்பு விதிகள் பொருந்தாது. 1999இல் வந்த ஆர்34 ஜிடி-ஆருக்கு அப்படித்தான் 2024இல் அங்கே கதவு திறந்தது. அவர்கள் வரத் தொடங்கியதும் விலை எங்கோ போய்விட்டது. மச்சானுக்கு அதில் கொஞ்சம் கோபம். அவனுடைய ஆர்32 கனவு அதோடு போயிற்று. எங்கள் நாட்டுக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. 2020இல் விழுந்த இறக்குமதித் தடை 2025இல் நீங்கியதும் எல்லோரும் கேட்பது ஏழு பேர் ஏறக்கூடிய வாகனம்.

அன்றிரவு மாமாவுக்கு அழைத்து ஜப்பான் அக்கா சொன்னதன் பொருளைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப இவ்வளவு காலமும் காசு கட்டாமலோ ஓடினனான்?" என்றார்.