எடை ஒரு கணக்கு, மூச்சு வேறு கணக்கு

தினமும் வாக்கிங் போகிறேன், பேண்ட் கூட கொஞ்சம் லூஸ் ஆகிவிட்டது, ஆனால் இரண்டாவது மாடி ஏறினால் இன்னமும் மூச்சு வாங்குகிறதே, ஏன்? என்னைப் போல உடம்பு கொஞ்சம் பெருத்தவர்கள் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "இன்னும் எடையைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது உடனே சொல்லிவிடுவார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதி, எவ்வளவு நேரம் நடக்கிறோம் என்பதைவிட எவ்வளவு கஷ்டப்பட்டு நடக்கிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் உடல் தகுதியை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். முகத்தில் மாஸ்க்கை மாட்டி, ட்ரெட்மில்லில் இனி முடியாது என்கிற வரை ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று பார்ப்பார்கள். இதுதான் விஓ2 மேக்ஸ். பெரும்பாலும் அதை உடல் எடையால் வகுத்துச் சொல்வார்கள், சிக்கலே அங்கேதான். 90 கிலோ ஆள் ஒருவர் நிமிடத்துக்கு 2.7 லிட்டர் ஆக்சிஜன் எடுக்கிறார் என்றால் கிலோவுக்கு 30 மில்லி. அவரே பட்டினி கிடந்து 85 கிலோவுக்கு வந்தால், இதயமும் தசையும் துளி கூட மாறாவிட்டாலும், கணக்கில் கிட்டத்தட்ட 32 ஆகிவிடும். சுமை குறைந்ததால் மாடி ஏறுவது கொஞ்சம் லேசாக இருக்கும், அது உண்மைதான், ஆனால் எஞ்சின் பழைய எஞ்சின்தான்.

எஞ்சினை மாற்றுவது எது என்று சுத்தமாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று கனடாவின் கிங்ஸ்டனில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ராபர்ட் ராஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்டார்கள். தொப்பை உள்ள, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 300 பேரை எடுத்து, ஒரு பகுதியினரைச் சும்மா விட்டுவிட்டு, மற்றவர்களை மூன்று பிரிவாக்கி வாரம் 5 நாள் வீதம் 24 வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். முதல் பிரிவுக்குத் தினமும் சுமார் அரை மணி நேரம் மெதுவான நடை. இரண்டாவது பிரிவுக்கு அதே மெதுவான நடை, ஆனால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மூன்றாவது பிரிவு இரண்டாவது பிரிவு எரித்த அதே கலோரியை எரிக்க வேண்டும், ஆனால் வேகமாக, அதனால் 40 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மெது என்றால் அவரவருடைய விஓ2 மேக்ஸ் உச்சத்தில் 50 சதவீதம், வேகம் என்றால் 75.

இடுப்பளவு மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, 4 சென்டிமீட்டரை ஒட்டிக் குறைந்தது. எடையிலும் பிரிவுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, அப்படியானால் எதற்கு வியர்க்க விறுவிறுக்க நடக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஒழுங்காக வந்து முடித்த 121 பேரின் உடல் தகுதியைத் தனியாகப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அரை மணி மெது நடைக்காரர்களில் 38.5 சதவீதம் பேருக்கு, சொல்லிக்கொள்ளும்படி எந்த முன்னேற்றமும் இல்லை. ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தவர்களில் அது 17.6 சதவீதம். வேகமாகச் செய்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கடைசிப் பிரிவில் இருந்தவர்கள் 31 பேர்தான் என்பதால் பூஜ்யம் என்ற எண்ணைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட மாட்டேன், ஆனால் போக்கு என்னவென்று தெளிவாகத் தெரிகிறது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை அளவும் வேகப் பிரிவில் மட்டும்தான் குறைந்தது. சுகர் எட்டிப் பார்க்கும் வயதில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மெது நடை வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பருமனான ஆட்களை வைத்து நடத்திய ஆய்வு 2002-இல் வந்தது. அதில் ரத்தக் கொழுப்பு சீரானதற்கு வேகத்தைவிட வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் முக்கியமாக இருந்தது. கொழுப்புக்குத் தூரம், மூச்சுக்கு வேகம், எடைக்கு முக்கால்வாசி சாப்பாட்டுத் தட்டு. மூன்றையும் ஒரே வாக்கிங்கில் தேடினால் ஏதாவது ஒன்றில் ஏமாற்றம்தான்.

இப்போது அந்த மாடிப்படிக் கேள்விக்கு வருகிறேன். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்க, கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 மில்லி ஆக்சிஜன் தேவை. உச்சம் 20 மில்லி உள்ள ஒருவருக்கு அது 60 சதவீதம், நல்ல பயிற்சி. உச்சம் 30 உள்ளவருக்கு அதே நடை 40 சதவீதம்தான், காற்று வாங்குவதோடு சரி. அதாவது புதிதாகத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வேலை செய்த நடை, உடம்பு தேறத் தேற வேலை செய்யாமல் போகும். நடையை மாற்றாமல் நேரத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், ரத்தக் கொழுப்புக்கு நல்லது, படிக்கட்டில் பெரிதாக உதவாது. இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளப் பழக வேண்டும் என்றால், அதற்கு அவ்வப்போது நெருக்கடி கொடுத்தாக வேண்டும்.

நெருக்கடி என்றதும் ஓடத் தொடங்கிவிடாதீர்கள், அதிலும் 90 கிலோவுக்கு மேல் இருந்தால், முட்டி உங்களை மன்னிக்காது. வேகம் என்பது இங்கே கால் வேகம் இல்லை, மூச்சு வேகம். ட்ரெட்மில்லில் சரிவை ஏற்றிக்கொண்டு நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், தெருவில் நடப்பவர்கள் மேம்பாலத்துச் சரிவைப் பயன்படுத்தலாம் (காலையில் வண்டி வருவதற்கு முன்னால், அதுவும் நடைபாதை இருந்தால்). நார்வேயின் ட்ரொன்ஹெய்மில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள், 4 நிமிடம் கடுமையாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி 4 சுற்று. நன்றாக வேலை செய்யும் முறைதான், ஆனால் அது தொடங்குகிறவர்களுக்கு ரொம்ப அதிகம் என்பது என் கருத்து. வழக்கமான நடையில் ஒரு நிமிட வேகத்தைச் சில இடங்களில் செருகினாலே ஆரம்பத்துக்குப் போதும்.

போதுமான வேகம்தானா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடிந்து பாட முடியாவிட்டால் நடுத்தரம், நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு எடுக்க நிறுத்த வேண்டியிருந்தால் கடுமை. அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணக்கிட 220-இல் வயதைக் கழிக்கும் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகும். பிபிக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது சுத்தமாகப் பொருந்தாது, ஏனென்றால் மாத்திரை துடிப்பை மேலே போகவே விடாது, வாட்ச் சொல்லும் எண்ணை எட்டப் பார்த்து அளவுக்கு மீறிப் போய்விடுவார்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் இருக்கிறவர்களும், சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்களும் வேகத்தைக் கூட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்றவர்கள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேகத்தைக் கூட்டினால் போதும், மீதி நாள் பழைய அரட்டை நடையே இருக்கட்டும்.