மூணு மணி முழிப்பு

மனநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "தூக்கம் எப்படி?" என்பது எனக்கு ஒரு சம்பிரதாயக் கேள்வி. "சரியா இல்லீங்க மேடம்" என்பார்கள். அப்படியே சீட்டில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

அந்தப் பழக்கத்தை விட வைத்தவர், மாமியாரோடு வந்த ஒரு பெண். "காலையில ஒரு வேலையும் ஓடாது இவளுக்கு. சாயங்காலம் ஆனா நல்லாத்தான் பேசுறா. எல்லாம் நடிப்பு" என்றார் மாமியார். மருமகள் தரையைப் பார்த்தபடி இருந்தார். எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு. அப்புறம் பால்காரர் வர்ற வரைக்கும் ஃபேனையே பாத்துட்டுக் கிடப்பேன். ஏன்தான் விடியுதோன்னு இருக்கும்."

விடியுமுன் முழிப்பு, காலையில் தாங்க முடியாத கனம், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் லேசாவது. தீவிர மனச்சோர்வில் அடிக்கடி காணும் அடையாளங்கள் இவை. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் இருக்கும் சுமார் 20,000 நரம்பணுக்கள்தான் நம் உடம்புக் கடிகாரம். கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து அது தினமும் மணியைச் சரிசெய்துகொள்ளும். மனச்சோர்வு வந்த பலருக்கு இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. இதை மாமியாருக்குப் புரிய வைக்க அரைமணி நேரம் ஆனது. வெளியே வரிசை முணுமுணுத்தது.

அன்று நானும் ஒரு தப்பு செய்தேன். "சீக்கிரம் படுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எட்டு மணிக்கே படுத்து, முழித்துக் கிடக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டதுதான் மிச்சம். காலையில் போட வேண்டிய ஃப்ளூவாக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் ராத்திரியில் போட்டிருக்கிறார். "மனசுக்குன்னா தூக்க மாத்திரைதானே மேடம்?" சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். டாக்டர் மாத்திரைக் கவரில் பேனாவால் ஒரு சூரியன் வரைந்து கொடுத்தார்.

அடுத்த முறை மாற்றிச் சொன்னேன்: பத்தரைக்கு முன் படுக்கக் கூடாது, எப்படித் தூங்கினாலும் ஆறு மணிக்கு எழ வேண்டும், எழுந்ததும் வாசலில் வெளிச்சத்தில் அரைமணி நேரம். "கறுத்துப் போயிட மாட்டேனா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. மிலான் மருத்துவமனை ஒன்றில், இருமுனை நோயின் (சோர்வும் மிகை எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) மனச்சோர்வோடு சேர்ந்தவர்களில், காலை வெயில் விழும் கிழக்கு அறையில் இருந்தவர்கள் மேற்கு அறைக்காரர்களைவிடச் சராசரியாக மூன்றரை நாளுக்கு மேல் முன்னதாக வீடு திரும்பியதாக 2001-இல் எழுதியிருந்தார்கள். எங்கள் ஓ.பி. அறைக்கு ஜன்னலே கிடையாது, அது வேறு கதை.

அந்தப் பெண்ணின் மகன் போனில் எதையோ படித்துவிட்டு, "ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா சரியாகுமாமே?" என்று கேட்டான். பொய்யில்லை. பாதிப் பேருக்கு மறுநாளே தெளிவு வரும். ஆனால் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் பழையபடிதான். இருமுனை நோய் இருந்தால் மேனியா என்ற அந்த மிகை எழுச்சி கிளம்பும் ஆபத்தும் உண்டு. வீட்டில் வேண்டவே வேண்டாம் என்றேன்.

ஆறாவது வாரம். "இப்ப அஞ்சு மணி வரைக்கும் தூங்குறேன் மேடம்."

"அஞ்சு இல்ல, நாலே முக்கால்" என்று திருத்தினார் மாமியார். "நான் கடிகாரத்தைப் பாத்தேன்ல."