மாலை போட்ட மூன்றாம் நாள்

எங்கள் வீடு கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில். சித்தூர் தாலுகா தோப்புகளில் இறக்கும் கள், விடிவதற்குள் பிக்அப் வண்டிகளில் ஏறி வெளி மாவட்டங்களுக்குப் போய்விடும். அப்பா அந்த வண்டிதான் ஓட்டினார். கள்ளை மட்டும் தொடமாட்டார், "புளிச்ச தண்ணி" என்பார். அவருக்குச் சாராயம். 1996இல் கேரளாவில் சாராயத்துக்குத் தடை வந்தது, அப்பா பிராந்திக்கு மாறினார், அவ்வளவுதான். மாசா மாசம் ஒன்றாம் தேதி இங்கே கடை கிடையாது. எல்லையைத் தாண்டினால் டாஸ்மாக். காந்தி ஜயந்திக்கு இரண்டு பக்கமும் அடைப்பு என்பதால் முந்தின நாளே வாங்கி வைக்கோல் போரில் சொருகி வைப்பார். எங்களுக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

2011 கார்த்திகை ஒன்றாம் தேதி அம்மா அவரைச் சபரிமலைக்கு மாலை போட வைத்தாள். தோட்டை அடகு வைத்தது, அடி வாங்கியது எல்லாம் போக, அவளிடம் மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். அப்பாவும் மறுக்கவில்லை. அன்றோடு ஒரு சொட்டு இல்லை. இரண்டாம் நாள் கை நடுங்கியது, வேர்த்து ஊற்றியது. "விரதம் தானுங்க, பழகிரும்" என்று அம்மா சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ராத்திரி அப்பா சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் துடைக்க ஆரம்பித்தார். சுவரில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து, "லோடு ஏத்தியாச்சா?" என்றார். உடம்பு கொதித்தது. பக்கத்து வீட்டுக் குருசாமி வந்து பார்த்துவிட்டு, சாமி வந்திருக்கிறது என்று சூடம் கொளுத்தினார். எங்களுக்கும் அதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் வலிப்பு வந்தது.

கோயம்புத்தூரில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எப்ப நிறுத்தினாரு?" குடிப்பதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்திருந்தோம். அப்பா டிரைவர் என்றதும் அவர் விளக்கினார். மது பல வருஷமாக மூளையை பிரேக் மாதிரி அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதை மீறி ஓட மூளையும் ஆக்சிலேட்டரை மிதித்தே பழகிவிட்டது. இப்போது பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுத்துவிட்டீர்கள். நிறைய நாள் நிறையக் குடித்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இப்படி ஆகலாம், உயிரே போகலாம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். தூக்க மருந்தும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டார்கள். அம்மா தலை நிமிரவே இல்லை. அவர் கழுத்தில் மாலை போட்டது அவள் கைதானே.

அப்பா பிழைத்தார். மகர விளக்கு முடிந்து மாலையைக் கழற்றினார், பங்குனியில் மறுபடி வைக்கோல் போர். 2016இல் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துப் போய்விட்டார். கடைசியில் பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு, சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. சொந்தக்காரர்களிடம் அம்மா மஞ்சக்காமாலை என்றுதான் சொன்னாள். பொய்யும் இல்லை, கண்ணெல்லாம் மஞ்சளாகத்தான் இருந்தது.

போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுப் பெண், புருஷன் குடியை விட்டு மாலை போட்டிருக்கிறான் என்று சந்தோஷமாகச் சொல்ல வந்தாள். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தன நாளாச்சு? கை நடுங்குதா சாமி, பாத்தியா?"


அவள் பதில் சொல்வதற்குள் அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.