எபிடவ்ரோஸ் கல்வரிசைகளும் லிகபெட்டஸ் எஃகுத் தூண்களும்

கிரீஸில் ஏதென்ஸ் வரை போய்விட்டு எபிடவ்ரோஸின் பழங்கால அரங்கைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு என்று உறுதியாகச் சொல்வேன். கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், மருத்துவக் கடவுளான அஸ்கிளீபியஸின் வழிபாட்டு வளாகத்தில், மலைச்சரிவிலேயே படிப்படியாக அமைக்கப்பட்ட இந்தத் திறந்தவெளி அரங்கில் 55 வரிசைகள் இருக்கின்றன. 12,000 பேருக்கு மேல் உட்காரலாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இங்கே வந்த கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசனியாஸ், ஆடம்பரத்தில் ரோமானியரின் அரங்குகள் விஞ்சினாலும் அழகில் இதற்கு ஈடு கிடையாது என்று எழுதிவைத்தார். அதில் மிகை எதுவும் இல்லை.

போய்ச்சேருவதுதான் சிரமம். ஏதென்ஸிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓடிய பேருந்து, அரங்குக்குச் சில கிலோமீட்டர் முன்பாக லிகூரியோ என்ற சிற்றூரில் எங்களை இறக்கிவிட்டது. அங்கே நின்ற வாடகைக் கார் ஓட்டுநர் அந்தச் சிறிய தூரத்துக்கு 25 யூரோ கேட்டார். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். வேறு வண்டி வராது என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விதம் எனக்குக் கடும் எரிச்சலைத் தந்தது. அந்தப் பணம் மறுநாளின் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் என்பதால், ஒலிவ மரங்களுக்கிடையே போகும் சாலையில் நடந்தே போனேன்.

உள்ளே நுழைந்ததும் மேல் வரிசைக்கு ஏறிவிட்டேன். சுண்ணாம்புக்கல் இருக்கைகளின் முன்பக்க அடிப்பகுதி உட்புறமாகச் சற்றுக் குடையப்பட்டிருக்கிறது; காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால், பின்வரிசைக்குப் போகிறவர் நம்மை இடிக்காமல் கடக்கலாம். இந்த அக்கறை இன்றைய விளையாட்டு மைதானங்களில்கூட இல்லை. கீழே வட்டமான ஆடுகளத்தின் நடுக்கல்லில் நின்று ஒரு பெண் பாடினார். ஒலிபெருக்கி எதுவும் இல்லாமலே ஒவ்வொரு சொல்லும் பிசிறின்றி மேலே வந்தது. அடுத்து வழிகாட்டி ஒருவர் காகிதத்தைக் கிழித்துக் காட்டினார். அந்த ஓசை எனக்குக் கேட்கவில்லை. படியடுக்குகள் காற்றின் இரைச்சல், கூட்டத்தின் முணுமுணுப்பு போன்ற தாழ்ந்த ஒலிகளை அடக்கி, குரலின் உயர்ந்த அதிர்வுகளைத் திருப்பி அனுப்புகின்றன என்று 2007-இல் ஓர் ஆய்வு விளக்கியது. கிசுகிசுப்பும் கடைசி வரிசையை எட்டும் என்பது மிகை என்று 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். பயிற்சி பெற்ற நடிகரின் திறந்த குரலுக்காகக் கட்டிய இடத்தில், காகிதம் கேட்காதது குறையே அல்ல.

திரும்பும் வழியில் லிகூரியோ உணவகத்தில் தக்காளிச் சாறில் வேகவைத்த பெரிய வெள்ளை அவரையும் ரொட்டியும் சாப்பிட்டேன். வாயில் வைத்ததும் கரையும்படி வெந்து, ஓரங்கள் மட்டும் அடுப்புச் சூட்டில் லேசாகக் கருகி, ஒலிவ எண்ணெயில் மிதந்த அந்த அவரையின் சுவை இப்போதும் நாக்கில் நிற்கிறது. விலையும் நியாயமானது.

ஏதென்ஸில் பழைய கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் அடிவாரத்தில் உள்ள ஹெரோடஸ் அட்டிக்கஸ் அரங்கை எல்லோரும் திறந்தவெளி அரங்கு என்றே எழுதுகிறார்கள், ஆனால் கி.பி. 161-ஐ ஒட்டி அது தேவதாரு மரக்கூரையுடன் கட்டப்பட்டது. ஆகவே எபிடவ்ரோஸோடு ஒப்பிடச் சரியானது லிகபெட்டஸ் குன்றின் அரங்குதான். கைவிடப்பட்ட கல்குவாரியின் பள்ளத்தில், 1960-களின் நடுவில் டாகிஸ் ஸெனெடோஸ் என்ற கட்டடக்கலைஞர் அதை எஃகால் அமைத்தார். பழைய கல்லைப் போலி செய்யாமல், தன் காலத்துப் பொருளைத் தூண்களாகவும் சட்டங்களாகவும் வெளிப்படையாக நிறுத்திய அவருடைய துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆயினும் இங்கே நடக்கும் பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கிதான் ஆதாரம். மேடைக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு கருவி இருந்தது.

பாதுகாப்புக் காரணங்களால் 2008-இல் மூடப்பட்ட லிகபெட்டஸ் 2023-இல்தான் மறுபடி திறந்தது. கல்தான் நிலைக்கும் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. 1881-இல் அகழ்ந்தெடுக்கும்வரை மண்ணுக்குள் புதைந்திருந்ததால்தான் எபிடவ்ரோஸ் இவ்வளவு முழுமையாகக் கிடைத்தது.

கோடைத் திருவிழாவின் நாடகங்கள் எபிடவ்ரோஸில் பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் நடக்கின்றன. மேல் அடுக்குச் சீட்டுகளே மலிவு. தயங்காமல் அவற்றை வாங்குங்கள், குரல் அங்கேயும் வரும். கல்லில் நெடுநேரம் உட்கார ஒரு மெத்தையும், இரவே திரும்பும் பேருந்துக்கு முன்பதிவும் அவசியம்.