நரைவயது மட்டும் தாங்குகிறவர்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவர்கள் வேதாகமத்தில் யோவான் 21ஆம் அதிகாரத்தைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது, இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படாமல் வெறுந்தோணியோடு வருகிறவர்களின் முகம் எங்களுக்குத் தெரியும். அந்த அதிகாரத்தில் சீஷர்களும் அப்படித்தான் வருகிறார்கள், உயிர்த்தெழுந்த இயேசு கரையில் காத்து நிற்கிறார். கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். இதே மாதிரி ஒரு கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டுதான், இயேசு பிடிபட்ட இரவில், அவருடைய சீஷன் பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னார். ஆண்டவர் அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. முதலில் சாப்பிடக் கூப்பிட்டார், அப்புறம் மூன்று தரம் அன்பைக் கேட்டார், தோற்றுப்போன அந்த மனுசன் கையிலேயே தன் ஆடுகளான சனங்களையும் மேய்க்கக் கொடுத்தார்.

அதே அதிகாரம் 18ஆம் வசனத்தில் ஆண்டவர் பேதுருவின் இளவயதையும் முதிர்வயதையும் சேர்த்தே பேசுகிறார். நடுவில் நடந்த மறுதலிப்பு அந்தக் கணக்கை மாற்றவில்லை. இதை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

2004 சுனாமியையும் 2019 ஈஸ்டர் அன்று சீயோன் ஆலயத்தில் நடந்த குண்டுவெடிப்பையும் பார்த்த ஊர் இது, தேவன் உண்மையுள்ளவர் என்று இங்கே யாரும் லேசாகச் சொல்லுவதில்லை. எங்கள் அம்மம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, என்றாலும் 71ஆம் சங்கீதத்தை விரலால் தடவிக்கொண்டே மனப்பாடமாகச் சொல்லுவா, "என் பெலன் ஒடுங்கும்போது" என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துவா.

விழுந்துபோனேன், இனி எந்த முகத்தோடு சபைக்கு வருவது என்று ஒதுங்கி நிற்கிற தம்பி தங்கைமாரே, இந்த ஞாயிறு வாங்கோ. தனியாக வரக் கூச்சமென்றால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கோ, சேர்ந்தே போவோம்.