எந்த மூன்று, மேடம்?

"சரிதான் சார்." அன்று கூட்டத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் மனதில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

பதவி உயர்வுக் குழுவுக்காக ஒவ்வொரு ஆசிரியரின் கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் எச்-இன்டெக்ஸ் எல்லாவற்றையும் ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அட்டவணை போடுவது நூலகரான என் வேலை. எச்-இன்டெக்ஸ் வேதியியலில் ஒருவருக்கு 22. வரலாற்றுத் துறை சாருக்கு 3. குழுத் தலைவர் அந்த வரியில் பேனாவை வைத்து, "மேடம், இது சரிதானா?" என்றார். சரிதான் என்றேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வரலாற்றுத் துறை சார் நூலகத்துக்கு வந்தார். 1881இல் காக்ஸ் எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தார், சண்டைக்கு இல்லை. கொடுத்துவிட்டு, "அந்த மூன்று எந்த மூன்று, மேடம்?" என்று கேட்டார்.

குறைந்தது 3 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் உங்களுக்கு 3 இருக்கின்றன, அதுதான் கணக்கு என்று சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினேன். முதலில் நின்றது பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் பற்றிய கட்டுரை, 31 மேற்கோள். ஆறு பேர் எழுதியது. அவர் பெயர் ஐந்தாவது.

"இதுல நான் கிணறுதான் காட்டினேன்" என்றார்.

கிணறு காட்டுவது சின்ன வேலையா? வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை ஊர் ஊராகப் போய், எந்தக் கிணற்றுத் தண்ணீர் எப்போது உப்பேறியது என்று வயதானவர்களிடம் கேட்டு வைத்திருந்தவர் அவர். அது இல்லாமல் அந்த ஆய்வகக்காரர்கள் எங்கே போய் பாட்டிலை நீட்டியிருப்பார்கள்? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அந்த வருடங்களைப் பற்றி, நிலம் கெட்டுப்போனவர்களின் வாயாலேயே கேட்டு அவர் எழுதிய தமிழ்ப் புத்தகத்துக்கு என் அட்டவணையில் இடமில்லை. செங்கம் பக்கத்து நடுகற்கள் பற்றி எழுதியதற்கும் இல்லை. தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்திலும் இருக்கும் ஆய்விதழ்களைத்தான் ஸ்கோப்பஸ் சேர்க்கும். அவர் எழுதிய தமிழ் இதழ்களில் அந்த வழக்கம் இல்லை.

இது எனக்குத் தெரியாததா? எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். ஒற்றை எண் ஒருவரைத் தோராயமாகத்தான் காட்டும், துறைக்குத் துறை அளவும் மாறும் என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். உயிரியலில் ஒரு கட்டுரை இரண்டு வருடத்தில் வாங்கும் மேற்கோளை வரலாற்றில் ஒரு நல்ல புத்தகம் வாங்க இருபது வருடம் ஆகலாம். ஆய்வை எண்களால் அளப்பது பற்றி 2015இல் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் மூன்றாவது, அந்தந்த வட்டாரத்துக்குத் தேவையான ஆய்வைக் காக்கச் சொல்கிறது. புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்களுக்கு வருடா வருடம் இதையெல்லாம் நானே வகுப்பெடுக்கிறேன். அந்த அறையில் மட்டும் வாய் வரவில்லை.

ஆனால் என்னிடம் கேட்டது எண் சரியா என்றுதான். ஆளை எடைபோடச் சொல்லவில்லை. நூலகர் ஒருவருக்காகப் பேச ஆரம்பித்தால் நாளைக்கு அட்டவணையை யார் நம்புவார்கள்? இப்படி நினைத்துக்கொண்டால் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கும்.

அப்புறம் அந்த எண்ணே சரியில்லை என்று தெரிந்தது. நம் பெயர்களில் இருக்கும் தொல்லைதான். இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால். அதனால் ஸ்கோப்பஸில் அவருக்கு, இரண்டு வேறு ஆட்கள் போல, இரண்டு பக்கங்கள் இருந்தன. இரண்டாவதில் 9 மேற்கோள் பெற்ற கட்டுரை ஒன்று தனியாகக் கிடந்தது. முதல் பக்கத்தில் 31, 6, 4. சேர்த்தால் 31, 9, 6, 4. அதாவது 4.

குழு வைத்திருந்த வரம்பு 5. ஆகவே 4 என்று சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேனோ. மாறியிருக்காது என்பது உண்மை. தேடிப் பார்க்காமலே சரிதான் என்றேன் என்பதும் உண்மை. வேதியியல்காரருடைய இரண்டு பக்கங்களை அந்தக் கூட்டத்துக்கு முந்தின வருடமே இணைத்துக் கொடுத்திருந்தேன், அவர் வந்து கேட்டதால். இவர் கேட்கவில்லை.

இரண்டு பக்கங்களையும் இணைக்கச் சொல்லி விண்ணப்பித்தேன், இணைத்துவிட்டார்கள். இந்த வருட அட்டவணையில் 'ஸ்கோப்பஸில் வராதவை' என்று ஒரு பத்தியும் சேர்த்தேன். கூட்டத்தில் யாராவது அதைப் படித்தார்களா என்று தெரியவில்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் எழுந்து பேசவில்லை.

போன வாரம் அவர் வந்திருந்தார். பாலாற்றின் பழைய கால்வாய்களைப் பற்றி ஏதோ எழுதுகிறாராம், காக்ஸ் மறுபடியும் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். 4 ஆனதை அன்றும் சொல்லவில்லை.